நேராகப் போவதற்கு நாலு விளக்கு

1

என் மகள் சஃபியாவுக்குப் பதினேழு வயது. மெல்போர்னில் கார் ஓட்டப் பழகுகிறாள். இங்கே பழகுவதென்றால், மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டிவிட்டு லைசென்ஸோடு வீடு திரும்புகிற காரியம் இல்லை. லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நூற்றிருபது மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்தையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எப்போது திரும்பினோம், மழையா வெயிலா, எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம். பக்கத்தில் இருந்தவர் வரிக்கு வரி கையெழுத்துப் போட வேண்டும். கடைசிப் பக்கத்தில், மேலே எழுதியதெல்லாம் உண்மை என்று ஓர் உறுதிமொழி வேறு.

அந்தப் பெரியவர் நான்தான். ஒன்றரை வருஷமாக வார இறுதிகளில், இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் தெருவிலிருந்து பெரிய சாலைக்குள் நுழையக் காத்திருந்தோம். வலப்பக்கமிருந்து ஒரு கார் வந்தது. இடது இண்டிகேட்டர் போட்டிருந்தான். எங்கள் தெருவுக்குள் திரும்பப்போகிறான் என்று அர்த்தம். நாங்கள் தாராளமாகக் கிளம்பலாம். இவள் கிளம்பவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். இந்த ஊரில் ஹாரன் அடிப்பது ஏறக்குறைய கெட்ட வார்த்தை.

“போம்மா, அவன் லெஃப்ட் போட்டிருக்கான்ல?” என்றேன்.

அவள் அசையவில்லை. அந்தக் கார் வந்து, வேகம் குறைந்து, முன்சக்கரம் எங்கள் பக்கம் திரும்பிய பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

“லைட்டை நான் பார்க்க மாட்டேன் அத்தா. வீலைத்தான் பார்ப்பேன்” என்றாள்.

டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல பழக்கம்தான், ஆனால் இப்படி ஓட்டினால் பரீட்சையில் தயங்குகிறாள் என்று மார்க்கைக் குறைப்பார்களே என்ற கவலை எனக்கு.

அவளுடைய தமிழ் பத்து வயதோடு நின்றுபோய்விட்டது. “நீ வாங்க அத்தா” என்பாள். “அவங்க வந்துச்சு” என்பாள். கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். விடுமுறைக்கு எங்களோடு திருச்சிக்கு வர மாட்டாள். நாங்கள் கிளம்பும்போதெல்லாம் அவளுக்குப் பரீட்சை, முகாம், தோழியின் பிறந்தநாள் என்று ஏதாவது ஒன்று முளைத்துவிடும். ஏழு வருஷமாக அவளுடைய நன்னிமா போனில்தான் பேத்தியைப் பார்க்கிறார். இங்கே நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் பிள்ளைகளின் தமிழில் வந்துதான் முட்டி நிற்கும். “இந்த நாடு நம்ம புள்ளைங்கள இழுத்துக்கிட்டுப் போயிருச்சு” என்று ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் உச்சுக்கொட்டுவோம். எல்லாரையும்விடச் சத்தமாக உச்சுக்கொட்டியவன் நான்.

2

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் இந்தப் பரீட்சைகளை எழுதியவன்தான். சிக்னல் பற்றிய அத்தியாயத்தை நெட்டுருப் போட்டேன். திரும்புவதற்கு முன்னால் போடு. தடம் மாறுவதற்கு முன்னால் போடு. ஓரத்திலிருந்து கிளம்பும்போது போடு. ரவுண்டானாவை விட்டு வெளியேறும்போது போடு. மற்றவர்கள் பார்த்துச் சுதாரித்துக்கொள்ளும் அளவுக்கு முன்கூட்டியே போடு, காரியம் முடிந்ததும் அணை. நேராகப் போகிறவன் எதையும் போட வேண்டாம். எந்த விளக்கும் எரியவில்லை என்றாலே அவன் நேராகப் போகிறான் என்றுதான் பொருள்.

நம் ஊர்ச் சட்டப் புத்தகத்திலும் இதேதான் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் ஊர்ச் சாலையில் வேறொன்று இருக்கிறது. படிக்கிற உங்களில் பாதிப் பேர் அதைச் செய்கிறீர்கள். காரின் நடுவில் சிவப்பு முக்கோணம் போட்ட ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நாலு மூலையிலும் மஞ்சள் விளக்கு சிமிட்டும். வண்டி கெட்டுப்போய் ஓரமாக நிற்கும்போது, மற்றவர்கள் வந்து மோதாமல் இருக்கப் போடுவதற்காக வைத்தது. நாம் அதை நாற்சந்தியில் நேராகப் போவதற்குப் போடுகிறோம். யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

இதைச் சொல்லி மெல்போர்னில் பலமுறை சிரித்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் நடித்தும் காட்டியிருக்கிறேன். அதாவது, அது தப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று பிற்பாடு யாரும் எனக்காகப் பேச வேண்டாம்.

3

ஏழு வருஷத்துக்கு முன், டிசம்பர் விடுமுறை. சஃபியாவுக்குப் பத்து வயது. திருச்சியில், பெரிய கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற மாமியார் வீட்டில் தங்கியிருந்தோம். என் மனைவியின் தம்பி ரஹீம் அந்த வருஷம்தான் ஒரு கார் வாங்கியிருந்தான். அவனுக்குச் செருப்புக்கடை. முக்கொம்பு அணைக்குப் போகலாம் என்று கிளம்பினோம், நானும் ரஹீமும் சஃபியாவும். மனைவி வரவில்லை. பிரியாணித் தூக்கைத் துணியில் சுற்றிச் சஃபியாவின் மடியில் வைத்து அனுப்பினாள்.

நான் ஓட்டுகிறேன் என்று சாவியைக் கேட்டு வாங்கினேன். என்னிடம் இன்டர்நேஷனல் பெர்மிட் இருந்தது. பெர்மிட்டைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் கரூர் ரோட்டில் ஏறியதும், முதல் குறுக்குச் சாலையில் ஒரு ஷேர் ஆட்டோ என் மூக்கைத் தேய்த்துக்கொண்டு போனது.

“மச்சான், நாலையும் போடுங்க” என்றான் ரஹீம்.

“எதுக்குடா?”

“நேரா போறோம்ல. நேரா போறதுக்கு நாலும் போடணும். இல்லாட்டி சைடுல நிக்கிறவன் புகுந்துருவான்.”

“அது வண்டி ரிப்பேராகி நிக்கறப்பப் போடறதுடா.”

“அது உங்க ஊர்ல. இங்க வந்தா இங்க ஓட்டற மாதிரி ஓட்டுங்க மச்சான்.”

அடுத்த சந்திப்பில் அவனே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினான். டிக் டிக் என்று சத்தம் வந்தது. சஃபியா பின்சீட்டிலிருந்து கேட்டாள்: “அத்தா, நாம நேரா தானே போறோம்? ஏன் ரெண்டு பக்கமும் எரியுது?” அப்போது அவளுக்கு நல்ல தமிழ் இருந்தது.

“ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல திரும்ப முடியாதுல்ல பாப்பா? அப்ப நேரான்னுதானே அர்த்தம்?” என்றான் ரஹீம். மூன்று பேரும் சிரித்தோம்.

மூன்றாவது சந்திப்பில் என் கை தானாகவே அந்தப் பொத்தானுக்குப் போனது. நாலாவதிலும் போனது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். இருபது வருஷம் வெளியே இருந்துவிட்டு வந்தவனை ஊர் திரும்பச் சேர்த்துக்கொண்ட சந்தோஷம் எனக்கு வந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாவது சந்திப்பு ஒரு சிறிய ஊரில். பெயர் சொல்லவில்லை. இடப்பக்கம் ஒரு தெரு, வலப்பக்கம் ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு தெரு. எதிர்த் திசையில் வந்த டவுன் பஸ் ஒன்று, சந்திப்பைத் தாண்டி வந்து எங்களுக்கு வலப்புற ஓரத்தில் நின்று ஆளை இறக்கிக்கொண்டிருந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். வேகத்தைக் குறைக்கவில்லை. நேராகப் போகிறேன் என்றுதான் சொல்லியாயிற்றே.

ஆற்றுப்பக்கத் தெருவிலிருந்து, பஸ்ஸின் வாலை ஒட்டி ஒரு மொபெட் வெளியே வந்தது. பின்னால் வாழை இலைக் கட்டு. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் இல்லை. வழி விட்டவனைப் பார்க்கிற முகம் அது. ஹாண்டில்பாரிலிருந்து இடது கையை லேசாகத் தூக்கினார்.

எனக்கு நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு சத்தம்தான். பிரேக்கை மிதித்தேன், ஆனால் மோதியபின் மிதித்தேன். கண்ணாடி முழுக்க வாழை இலை. பின்சீட்டில் பிரியாணித் தூக்கு உருண்டது. எல்லாம் அடங்கிய பிறகும் டிக் டிக் டிக் என்று அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கூட்டம் கூடியது. ஆம்புலன்ஸ் வருமுன் ஒரு மினி லாரியில் அவரை ஏற்றினார்கள். ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகக் குனிந்து என்னிடம், “நல்லவேளை தம்பி, உடனே நாலு லைட்டும் போட்டுட்டீங்க. இல்லாட்டி பின்னால வர்றவன் உங்க மேல ஏறியிருப்பான்” என்றார். ரஹீம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். விபத்துக்குப் பிறகு எல்லா வண்டியிலும் எரிகிற விளக்குதான் அது. அதற்கு முன்பே எரிந்தது என்று எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

4

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஆட்டோவில் ரஹீம் சஃபியாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “பாப்பா, யாராவது கேட்டா நான் தூங்கிட்டிருந்தேன்னு சொல்லணும். சரியா?” என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.

யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மொபெட்காரர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் என் காரின் வலது பாதியைப் பஸ் மறைத்திருக்கும். இடது முனையும், அதில் சிமிட்டுகிற ஒரு விளக்கும்தான் தெரிந்திருக்கும். நான் இடது பக்கத் தெருவுக்குள் திரும்பப்போகிறேன் என்று நினைத்து வந்தார். சரியாகப் பார்த்து, சரியாகப் புரிந்துகொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் பெயர் செல்வராசு. இலை வியாபாரம். ஆஸ்பத்திரியில் மறுநாள் கொஞ்சம் பேசினாராம். மூன்றாம் நாள் இறந்துபோனார். நாலாம் நாள் வாக்குமூலத்துக்காக எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவருடைய மனைவி மல்லிகா அங்கே இருந்தார். கூட மல்லிகாவின் அண்ணன்.

“லெஃப்டு போட்டுட்டு நேரா வந்துட்டாங்கன்னு அவரு சொன்னாரு சார். என் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னாரு” என்றார் மல்லிகா. எஸ்.ஐ.யிடம்தான் சொன்னார், ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். “லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டிருந்தீங்களா சார்?”

“இல்ல சார். நான் லெஃப்ட் போடல.”

“உங்க அல்லா மேல சொல்லுங்க” என்றார் மல்லிகா.

“அல்லா மேல ஆணையா நான் லெஃப்ட் போடலம்மா.”

ஒரு பொய்யும் இல்லை பாருங்கள். லெஃப்ட் இண்டிகேட்டரை நான் தொடவே இல்லை. எந்தக் கோர்ட்டிலும் நிற்கிற உண்மை அது. அதைச் சொல்லும்போது என் குரல்கூட நடுங்கவில்லை. எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். செல்வராசு கவனக்குறைவாகச் சாலையைக் கடந்ததால் நேர்ந்த விபத்து என்று எழுதினார். நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். நாலு நாள் கழித்துப் பிளைட் ஏறினோம்.

கிளம்பும்வரை வீட்டுக்கு உறவுகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கதையைச் சொன்னேன். “நம்ம மேல தப்பே இல்ல, அந்தாளு கண்ணு மண்ணு தெரியாம வந்துட்டான்” என்று ரஹீம் முடித்துவைப்பான். “அல்லா காப்பாத்துனான், நம்ம புள்ளைக்கு ஒண்ணும் ஆகல” என்பார்கள். சஃபியா அதே கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாள். எத்தனை தடவை அந்தக் கதையைக் கேட்டிருப்பாள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. அப்போது அவள் அங்கே இருந்ததே எனக்கு நினைவில் பதியவில்லை.

5

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. கூட்டிப் பார்த்தால் நூற்றாறு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேசையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி வேலைக்குப் போயிருந்தாள்.

“பதினாலு மணி நேரம்தானே? கொண்டா, நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். எல்லா வீட்லயும் பண்றதுதான்” என்றேன்.

அவள் பதிவேட்டை மூடினாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

“நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது நடந்ததாக ஆகிவிடுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அப்பனிடம் பேசுகிற பேச்சா இது, உன் நல்லதுக்குத்தானே சொல்கிறேன், இந்த நாடு உங்களையெல்லாம் கெடுத்து வைத்திருக்கிறது என்று வழக்கமான வரிசையில் ஆரம்பித்தேன். அவள் முடியும்வரை காத்திருந்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

“நான் தூங்கல அத்தா.”

முதலில் எனக்குப் புரியவில்லை. நேற்று ராத்திரியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

“நான் முழிச்சுத்தான் இருந்தேன். டிக் டிக்னு சத்தம் வந்துச்சு. பஸ் தெரியறதுக்கு முன்னாடியே வந்துச்சு. அந்த அங்கிள் கையத் தூக்குனாங்க. நானும் பதிலுக்குக் கையத் தூக்குனேன்.”

ஒரு பிழை இல்லை. ஏழு வருஷமாக அவளிடமிருந்து இப்படி ஒரு தமிழ் நான் கேட்டதில்லை. உள்ளே பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

மற்றதை ஆங்கிலத்தில் சொன்னாள். திருச்சிக்கு வந்தால் மறுபடியும் தூங்கிக்கொண்டிருந்தவளாக இருக்க வேண்டும், அது அவளால் முடியாது என்றாள். வீட்டில் நாங்கள் தமிழில் பேச ஆரம்பித்தாலே அந்தக் கூடமும் “நம்ம மேல தப்பே இல்ல” என்ற குரலும் காதில் விழும் என்றாள். விளக்கைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்க்க டிரைவிங் ஸ்கூலில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். அதைத் தானே கற்றுக்கொண்டாளாம்.

“அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். கேட்ட பிறகு என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அந்த நேரத்திலும் யார் யாருக்குத் தெரியும் என்றுதான் புத்தி போகிறது.

“தெரியாது. உங்களுக்காக நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்றாள்.

அவள் எழுந்து போன பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நாடு இழுத்துக்கொண்டு போயிற்று என்று எத்தனை வீட்டில் உட்கார்ந்து பேசியிருப்பேன். நாடு ஒன்றும் செய்யவில்லை. அழுதேன். அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், “ஊருக்கு வரலன்னு எம் புள்ளைய ஏழு வருஷமா நான் திட்டிக்கிட்டு இருக்கேனேங்க” என்றாள்.

6

வாக்குமூலத்தைத் திருத்துவது அத்தனை லேசு இல்லை. திருச்சியில் ஒரு வக்கீலைப் பிடித்துக் கேட்டேன். முடிந்த கேஸ் சார், எதுக்குக் கிளறுறீங்க என்றார். வற்புறுத்தியபின், உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி, நம் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புங்கள், கேஸைத் திறந்தால் நீங்கள் நேரில் வர வேண்டியிருக்கும், வந்தால் திரும்பிப் போக எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்.

சான்று வாங்குகிற இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எதற்காக என்ற கேள்விக்கு நேரே கட்டங்கள். சொத்து, ஓய்வூதியம், திருமணம், பாஸ்போர்ட், மற்றவை. மற்றவையில் டிக் அடித்தேன். போட்டோ அளவு சரியில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். முகவரிச் சான்று மூன்று மாதத்துக்குள் உள்ளதாக இருக்க வேண்டும் என்று இன்னொருமுறை. மூன்றாம் முறை கவுண்டரில் இருந்த பையன் பத்திரத்தைப் படித்துவிட்டான். அவன் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “நன்றாக யோசித்துவிட்டீர்களா?” என்று மெதுவாகக் கேட்டான். சீல் குத்தினான்.

ரஹீமைக் கூப்பிட்டேன். அவனுக்குச் சொல்லாமல் அனுப்புவது நியாயமில்லை.

“மச்சான், உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று கத்தினான். “நீங்க அங்க உக்காந்துக்கிட்டு எழுதி அனுப்பிருவீங்க. ஸ்டேஷன்ல என்னத்தான கூப்பிடுவாங்க? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு. எங்க அம்மாவுக்கு இந்த வயசுல இதெல்லாம் தெரியணுமா?”

“நாலையும் போடச் சொன்னது நீன்னு நான் எழுதலடா. அழுத்துனது நான். அது மட்டும்தான் எழுதியிருக்கேன்.”

போனில் கடை ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்டது.

“அந்த மல்லிகாம்மா இப்ப ஸ்ரீரங்கத்துல இருக்கு” என்றான். குரல் மாறியிருந்தது. “அண்ணன் வீட்டுப் பக்கம். ஒரு மெஸ்ல வேலை பாக்குது. போன வருஷம் ஒருநா காலைல போயி உக்காந்தேன் மச்சான். சொல்லிரலாம்னுதான் போனேன். அந்தம்மாதான் பரிமாறுச்சு. என்னய அடையாளம் தெரியல. இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுங்களான்னு கேட்டுச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்.”

பிறகு ஒரு போன் நம்பரைச் சொன்னான். அந்த மெஸ்ஸில் கேட்டு வாங்கி ஒரு வருஷமாகத் தன் போனில் வைத்திருக்கிறான். கூப்பிட்டதில்லை.

7

பத்திரத்தைப் பதிவுத் தபாலில் ஸ்டேஷனுக்கு அனுப்பி, வக்கீலுக்கு ஒரு நகலும் அனுப்பிவிட்டேன். இதுவரை பதில் இல்லை. பதில் வந்தால் போவேன். இதை இங்கே எழுதுவதுகூடப் பிறகு பின்வாங்காமல் இருக்கத்தான்.

மல்லிகாவைக் கூப்பிட நாலு நாள் ஆயிற்று. மெஸ்ஸில் மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்சம் ஓய்வு கிடைக்கிற நேரம் எது என்று கணக்குப் பார்த்துக் கூப்பிட்டேன். சஃபியாவை எதிரே உட்காரச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

“யாருங்க?” பின்னால் பாத்திரங்கள் இடிபடும் சத்தம்.

“ஏழு வருஷத்துக்கு முன்னாடி, கரூர் ரோட்டுல, உங்க வீட்டுக்காரர் மேல மோதுன காரை ஓட்டுனவன்மா நான்.”

பாத்திரச் சத்தம் விலகியது. எங்கேயோ நடந்துபோகிறார் என்று தெரிந்தது.

“சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. நான் லெஃப்ட் போடவில்லை, நாலு விளக்கும் போட்டிருந்தேன், பஸ் மறைத்ததால் அவருக்கு லெஃப்ட் மட்டும்தான் தெரிந்திருக்கும், அவர் சரியாகத்தான் பார்த்தார், உங்களிடம் சொன்னதும் சரி, நான்தான் தெரிந்தே மறைத்தேன் என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்பியிருப்பதையும் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அழுவார் என்று காத்திருந்தேன்.

“அப்ப அவரு பாத்துத்தான் வந்தாரா?” என்று கேட்டார்.

“பாத்துத்தான்மா வந்தாரு. எனக்குக் கையக் காட்டிட்டு வந்தாரு.”

“கையக் காட்டுனாரா?”

“ஆமா.”

“அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு” என்றார்.

“கையப் புடிச்சுக்கிட்டு சொன்னாருங்க. லெஃப்டு போட்டிருந்தாங்க மல்லிகான்னு. நீங்க உங்க சாமி மேல சத்தியம் பண்ணீங்களா, அதுக்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வலியில ஏதோ உளறியிருக்காருன்னு நெனச்சுட்டேன். இவ்ளோ பெரிய மனுஷன் பொய்யா சத்தியம் பண்ணுவாரான்னு நெனச்சுட்டேன்.”

எதிரே சஃபியா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம் பையன் ஐ.டி.ஐ. படிக்கிறான் சார். தெனமும் சைக்கிள எடுக்கறப்ப வாசல்ல நின்னு சொல்லுவேன். உங்கப்பன் மாதிரி பாக்காம போயிடாதடான்னு. ஏழு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். இன்னிக்குக் காலைலகூடச் சொன்னேன். அவரு போட்டோ வாசலுக்கு நேராத்தான் மாட்டியிருக்கு, அதக் காட்டிக் காட்டிச் சொல்லுவேன்.”

மூச்சு வாங்கினார்.

“உங்களுக்காவது எங்கிட்ட சொல்லறதுக்கு ஒரு போன் நம்பர் கெடச்சுது. நான் யாருகிட்ட போயி சொல்லுவேன்?”

சஃபியா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஆன்ட்டி, அந்தக் கார்ல நானும் இருந்தேன்” என்று தமிழில் ஆரம்பித்தாள்.